முப்பது அம்பியர் வீட்டுக்கு மின்கார் வந்தால்

கிண்ணியாவில் மின்கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சொந்த வீட்டு மீற்றர் பெட்டியையும் எர்த் கம்பியையும்தான்

30ஐ 230ஆல் பெருக்கினால் 6,900 வரும். இலங்கையில் வீடுகளுக்குப் பரவலாகக் கிடைப்பது 30 அம்பியர் ஒற்றைக்கட்ட மின் இணைப்பு. அதில் வரும் மின்னழுத்தம் 230 வோல்ற். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், அயன் பெட்டி என்று வீட்டில் உள்ள அத்தனையும் சேர்ந்து ஒரே நேரத்தில் 6,900 வாற்றுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதே இதன் பொருள். மின்கார்களுக்காக விற்கப்படும் சுவர்ச் சார்ஜர் பெட்டியோ முழு வேகத்தில் 32 அம்பியர் இழுக்கும். அது ஏறத்தாழ 7,400 வாற். வீட்டில் ஒரு விளக்குக்கூட எரியாமல் இருந்தாலும் கணக்கு இடிக்கிறது.

கார் வாங்கிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டால் பணமும் நிம்மதியும் ஒன்றாகப் போகும். வாங்கும் முன் போட்டால், கிண்ணியாவின் சாதாரண வீட்டிலேயே மின்காரைப் பாதுகாப்பாகச் சார்ஜ் செய்ய முடியும். அதற்கு வேகமான சார்ஜர் தேவைப்படாது. காருக்கென்று தனியாக ஒரு கம்பி, தனியாக ஒரு ட்ரிப் சுவிட்ச், நம்பக்கூடிய ஓர் எர்த் ஆகிய மூன்றும் போதும்.

பாலம் தாண்டி வரும் கார்கள்

2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைப் பக்கமிருந்து இந்த ஊருக்குள் வாகனம் வர வேண்டுமென்றால் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று சீனக்குடா வழியாகத் திருகோணமலை நகரம் சுமார் 20 கிலோமீற்றர். கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் பாடசாலைக்கும் தினமும் போய்வருகிறவர்கள் ஏராளம். ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் ஓட்டம் என்பது மின்காருக்கு மிகவும் பொருத்தமான தூரம்.

இலங்கைக்கு மின்கார் புதிதல்ல. 2014, 2015 ஆண்டுகளில் கிடைத்த வரிச் சலுகையின்போது ஜப்பானிலிருந்து நிசான் லீஃப் கார்கள் கூட்டமாக இறங்கின. அப்போது வந்தவை 24 கிலோவாற்-மணி பற்றரி கொண்டவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு, ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது, பெற்றோல் இல்லாத கார் என்ற எண்ணம் எல்லா ஊர்களிலும் வேர்விட்டது. அதே ஆண்டு, வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பும் பணத்தின் அடிப்படையில் மின்வாகனம் இறக்கலாம் என்று அரசு அனுமதித்தது. வளைகுடா நாடுகளின் உழைப்பில் வீடுகள் எழும் கிண்ணியா போன்ற ஊர்களின் கதவைத் தட்டிய அறிவிப்பு அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. சீனாவின் பி.வை.டி. கார்கள் நாட்டின் வீதிகளில் சாதாரணக் காட்சியாகின. அவற்றில் அட்டோ 3 ரகத்தின் பெரிய பற்றரி 60 கிலோவாற்-மணி. பழைய லீஃபின் பற்றரியைப் போல இரண்டரை மடங்கு.

பற்றரி பெரிதாகிவிட்டது. வீட்டு வயரிங் மட்டும் பழையபடியே இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளும், வெளிநாட்டுப் பணம் வரவர அறை அறையாக நீட்டப்பட்ட வீடுகளும் இங்கே நிறைய. நான்கு விளக்குக்கும் இரண்டு ஃபேனுக்கும் போட்ட கம்பியிலிருந்து அடுத்த அறைக்கும், அங்கிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து வெளி மோட்டாருக்கும் இழுத்த வீடுகளை எந்த மின்பணியாளரும் பார்த்திருப்பார். அந்தச் சங்கிலியின் கடைசிப் பொயின்ட் பெரும்பாலும் போர்டிகோவில் இருக்கும். காரும் அங்கேதான் நிற்கும்.

மூன்று நிமிடமும் பத்து மணித்தியாலமும்

மின்கெட்டில் 2,000 வாற் இழுக்கும். காரோடு வரும் கையடக்கச் சார்ஜர் கேபிள் 10 அம்பியரில் 2,300 வாற் இழுக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கெட்டிலுக்குப் பொறுத்த பொயின்ட் காருக்குப் பொறுக்காதா என்று கேட்பது நியாயமாகவே தோன்றும்.

வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. கெட்டில் மூன்று, நான்கு நிமிடத்தில் நின்றுவிடும். கார் அதே மின்னோட்டத்தை எட்டு, பத்து மணித்தியாலம் இடைவிடாமல் இழுக்கும். சுவரிலுள்ள பொயின்டின் பின்புறம் திருகு சற்றுத் தளர்ந்து, அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 அம்பியர் போகும்போது அங்கே 10 வாற் வெப்பம் பிறக்கும். 15 அம்பியரில் அது 22 வாற்றைத் தாண்டும். 32 அம்பியரில் 100 வாற். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. காற்றோட்டமில்லாத சிறு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அந்த வெப்பம் இரவு முழுவதும் தேங்கினால் பிளாஸ்ரிக் கறுக்கும், கம்பியின் உறை இளகும், திருகு இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். வீட்டார் தூங்கும் நேரத்தில் நடக்கும் வேலை இது. மின்னோட்டம் அளவு மீறாததால், சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழவும் மாட்டாது.

இலங்கையின் தேசிய தரமான 13 அம்பியர் சதுர முள் பிளக் பிரித்தானியத் தரத்தைச் சேர்ந்தது. 13 என்று எழுதியிருந்தாலும், மணிக்கணக்கில் ஓடும் கார்ச் சுமைக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 அம்பியரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கார்ச் சார்ஜுக்கென்று சோதிக்கப்பட்ட பொயின்டுகளின் பின்புறம் ஈ.வி. என்ற அடையாளம் பொறிக்கும் வழக்கமும் அந்தத் தரத்தில் உண்டு. ஜப்பானில் பாவித்த லீஃபோடு வரும் கேபிளில் இன்னொரு சிக்கல் உள்ளது. ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ற். காருக்கு மட்டும் 200 வோல்றில் தனி வழி போடுவார்கள். அதற்கென்று செய்த கேபிள் 15 அம்பியர் வரை இழுக்கக்கூடியது. அதன் முனையை வெட்டிச் சாதாரண 13 அம்பியர் பிளக்கைப் பொருத்துவது நெருப்பை வீட்டுக்குள் அழைப்பதாகும். வயர் ரோலில் சுற்றிய எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான். சுருளாக இருக்கும் கம்பிக்கு வெப்பத்தை வெளியே விட வழியில்லை.

சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்று சொல்வது வழக்கம். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டு மாறுமின்னோட்டத்தைப் பற்றரிக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக மாற்றுவது அதுதான். சுவர்ப் பெட்டி, இவ்வளவு அம்பியர் வரை எடுக்கலாம் என்று காருக்குச் சமிக்ஞை கொடுத்து, எர்த் சரியா என்று பார்த்து, மின்சாரத்தை விடுகிறது, நிறுத்துகிறது. ஆகவே 32 அம்பியர் பெட்டியை வாங்கினாலும் 16இல், 10இல் வைத்துப் பாவிக்கலாம். எந்த அளவில் வைப்பது என்பதை வீட்டின் கொள்ளளவு தீர்மானிக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

நடுத்தர மின்கார் ஒன்று 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரம் எடுக்கும். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போய்வர 40 கிலோமீற்றர் என்றால் 6 யூனிட். சார்ஜ் செய்யும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. 10 அம்பியரில், மணிக்கு 2.3 யூனிட் வீதம், மூன்று மணித்தியாலத்தில் அது ஏறிவிடும். 16 அம்பியரில் இரண்டு மணித்தியாலம் போதும்.

வேகப் பெட்டி தேவை என்ற எண்ணம் பற்றரியைத் தினமும் பூச்சியத்திலிருந்து நூறுக்கு நிரப்ப வேண்டும் என்ற கற்பனையிலிருந்து வருகிறது. 60 கிலோவாற்-மணி பற்றரியை வெறுமையிலிருந்து நிரப்ப 10 அம்பியரில் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பது உண்மை. 16 அம்பியரில் 18 மணித்தியாலம். 32இல் ஒன்பது. ஆனால் கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் ஓடி வந்த காரையும் மறுநாள் காலையில் மூதூருக்கோ கந்தளாய்க்கோ எடுத்துப் போகும் அளவுக்கு ஓர் இரவில் ஏற்றிவிடலாம். மீதியை அடுத்த இரவு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் உறங்கும் கார் இரவெல்லாம் சும்மா நிற்கிறது. வேகத்துக்காகப் பெருஞ்செலவு செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை.

ஸஹர் வேளையின் சுமை

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத ஒரு கணக்கு கிண்ணியாவுக்கு உண்டு. நோன்பு மாதத்தில் ஸஹர் உணவுக்காக அதிகாலை மூன்றரை, நான்கு மணிக்கு ஊரே விழித்திருக்கும். மின்சாரக் கட்டண அட்டவணைப்படி அது தேவை குறைந்த நேரம். கிண்ணியா வீட்டின் மீற்றருக்கோ அது உச்ச நேரம்.

அந்த நேரத்து வீடு ஒன்றைக் கூட்டிப் பார்க்கலாம். கெட்டில் 8.7 அம்பியர். ரைஸ் குக்கர் 3. தண்ணீர் மோட்டார் ஏறத்தாழ 5, தொடங்கும் கணத்தில் அதன் பல மடங்கு. படுக்கையறை ஏ.சி. 5. ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்குகள் 2. மொத்தம் 24ஐ நெருங்கும். இதன் மேல் கார் 10 அம்பியர் இழுத்தால் 34. பிரதான எம்.சி.பி. உடனே விழாமல் போகலாம். சிறு மீறலை அது பல நிமிடம், சில வேளை இன்னும் அதிக நேரம் தாங்கும். அதற்குள் பழைய மெயின் சுவிட்சின் இணைப்புகள் சூடேறிக்கொண்டிருக்கும்.

தீர்வு எளிது. இரவு 10.30க்குத் தொடங்கும்படி காரின் நேரக் குறிப்பை வைத்தால், அன்றாட ஓட்டத்துக்கான சார்ஜ் 1.30க்கு முடிந்துவிடும். ஸஹருக்கு வீடு விழிக்கும்போது கார் ஓய்ந்திருக்கும். பற்றரி அதிகம் இறங்கிய நாட்களில் 3 மணிக்கு நிற்கும்படி முடிவு நேரத்தையும் வைக்கலாம். இன்னும் நுட்பமாகச் செய்ய விரும்பினால், வீட்டின் மொத்த மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சிறு வளையத்தைப் பிரதான கம்பியில் மாட்டி, வீட்டுச் சுமை ஏறும்போது காரின் பங்கைத் தானாகக் குறைக்கும் சுவர்ப் பெட்டிகளும் சந்தையில் உள்ளன. 30 அம்பியர் வீட்டில் 16 அம்பியருக்கு மேல் வைக்க நினைப்பவர்கள் அந்த வசதி இல்லாத பெட்டியை வாங்கக் கூடாது.

மூன்றுகட்ட இணைப்புக்கு மாறினால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 30 அம்பியர் மூன்றுகட்ட இணைப்பின் மொத்தக் கொள்ளளவு 20 கிலோவாற்றைத் தாண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லை 30 அம்பியர்தான். காருக்குள் இருக்கும் சார்ஜர் ஒற்றைக்கட்ட ரகமாக இருந்தால் அது ஒரே கட்டத்திலிருந்துதான் இழுக்கும். அங்கேயும் 32 அம்பியர் கிடையாது. ஒரு கட்டத்தைக் காருக்கு ஒதுக்கி, பெட்டியை 25 அம்பியரில் வைத்து, வீட்டை மற்ற இரண்டு கட்டங்களுக்குப் பிரித்துவிடுவதே ஒழுங்கான ஏற்பாடு.

7/0.67 கம்பியா, 7/1.04 கம்பியா?

இலங்கை மின்பணியாளர்கள் கம்பியை இழைக் கணக்கில் பேசுவார்கள். 7/0.67 என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர். 7/0.85 என்றால் 4. 7/1.04 என்றால் 6. 7/1.35 என்றால் 10. வீட்டுப் பிளக் பொயின்டுகளுக்குப் பொதுவாகப் போடுவது 7/0.67. காருக்கு 10 அம்பியர்தான் போதும் என்றாலும், மின்சாரத்தை வீட்டுக்குள் பிரிக்கும் டி.பி. பெட்டியிலிருந்து நேராக, வழியில் வேறெந்தப் பொயின்டும் இல்லாமல் தனிக் கம்பி இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது 7/1.04 போட்டுவிடுவது அறிவுடைமை. கம்பியின் விலையில் வரும் வித்தியாசத்தைவிட, நாளைக்குச் சுவரை உடைத்து மறுபடி இழுக்கும் கூலி அதிகம்.

தூரமும் கணக்கில் வர வேண்டும். 6 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 32 அம்பியர் போகும்போது 20 மீற்றர் தூரத்தில் 4.7 வோல்ற் குறையும். பிரித்தானிய வயரிங் விதி அனுமதிக்கும் வீழ்ச்சி 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ற். எனவே பயமில்லை. வளவின் மறுகோடியில் 40 மீற்றரில் கராஜ் இருந்தால் வீழ்ச்சி 9.3 வோல்ற் ஆகிவிடும். வீதிக் கம்பியிலேயே மின்னழுத்தம் 216 வரை இறங்குவதற்கு அனுமதி உண்டு. வழங்கும் பாதையின் கடைசி வீடுகளில் மாலை வேளையில் ஃபேன் சோம்பிச் சுற்றுவதை எல்லாரும் அறிவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் 40 மீற்றருக்கு 10 சதுர மில்லிமீற்றர் கம்பியே தகும்.

வெப்பம் மூன்றாவது கணக்கு. கம்பிகளின் கொள்ளளவு அட்டவணைகள் 30 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிண்ணியாவின் பகல் அதைத் தாண்டிப் போகும். தகரக் கூரையின் கீழும் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையிலும் இன்னும் அதிகம். 40 பாகையில் சாதாரண பி.வி.சி. கம்பியின் கொள்ளளவு 13 சதவீதம் குறைகிறது. சுவரின் மேல் குழாயில் போகும் 6 சதுர மில்லிமீற்றர் கம்பி 41 அம்பியர் தாங்கும் என்றால், அந்தச் சூட்டில் 35 அம்பியர்தான். எல்லை நெருங்கிவிட்டது.

மணலில் இறங்கும் எர்த்

கிண்ணியாவில் இந்த விடயத்தின் மிக முக்கியமான பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. இலங்கை வீடுகளில் எர்த் என்பது அந்தந்த வீட்டு நிலத்தில் இறக்கிய செப்புக் கம்பி. மின் நிறுவனத்தின் நியூட்ரலோடு வீட்டுக்குள் எர்த்தை இணைக்கும் முறை இங்கே இல்லை. பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளில் அந்த முறை உண்டு. வீதியில் நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் ஏறும் ஆபத்து அங்கே இருப்பதால், கார்ச் சார்ஜருக்கு மட்டும் தனி எர்த் கம்பி இறக்குவதோ விசேடப் பாதுகாப்புக் கருவி வைப்பதோ செய்கிறார்கள். அவர்கள் தனியாகச் சேர்க்கும் ஏற்பாடு இங்கே இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி உண்மையில் வேலை செய்ய வேண்டும்.

கரையோர மணலில் அதுதான் சந்தேகம். காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. குறுகிய கம்பியை மேல்மணலில் அடித்துவிட்டுப் போனால், மார்கழி மழையில் அளக்கும்போது நல்ல எண்ணைக் காட்டும். ஆவணி, புரட்டாதியில் அதே கம்பியின் தடை பல மடங்காகியிருக்கும். ஆகவே எர்த்தைச் சோதிக்கச் சரியான காலம், வாடை மழை தொடங்குவதற்கு முந்திய வரட்சியின் கடைசி வாரங்கள். ஈரம் இருக்கும் ஆழம் வரை கம்பியை இணைத்து இணைத்து இறக்குவது, ஒரு கம்பி போதாவிட்டால் அதன் நீளத்தளவு தள்ளி இன்னொன்றை அடித்து இரண்டையும் இணைப்பது, மேல்முனையைப் பார்க்கக்கூடிய ஒரு சிறு குழிப் பெட்டிக்குள் வைப்பது ஆகியவை நிலையான பலன் தரும். குழிக்குள் உப்பைக் கொட்டினால் சில மாதம் தடை குறையும், அதன் பிறகு உப்பு இணைப்பு வளையத்தை அரித்துவிடும்.

எர்த் நன்றாக இருந்தாலும் எம்.சி.பி. மட்டும் உயிரைக் காக்காது. எர்த்தின் தடை 50 ஓம் என்றால், காரின் உடம்பில் மின்சாரம் கசியும்போது ஓடும் மின்னோட்டம் 230ஐ 50ஆல் வகுத்த அளவு, 4.6 அம்பியர். தடையை 10 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 23 அம்பியர்தான். 32 அம்பியர் எம்.சி.பி. இதைச் சாதாரணச் சுமை என்றே எண்ணிக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே இங்கே காவல். விறைத்துப்போய் வேலை செய்யாத ட்ரிப் சுவிட்சை நேர்க்கம்பி போட்டுத் தாண்டிவிட்ட வீட்டில் கார் சார்ஜ் செய்யவே கூடாது.

ட்ரிப் சுவிட்சிலும் வகை உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஏ.சி. வகை. அது மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும். காருக்குள் இருக்கும் சார்ஜர் பழுதானால் நேர்மின்னோட்டம் கசியலாம். அது சாதாரண ட்ரிப் சுவிட்சின் உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். அதன் பிறகு குளியலறையில் யாருக்காவது மின்சாரம் தாக்கினாலும் அது விழாமல் போகலாம். இதனால்தான் சர்வதேசத் தரங்கள் காருக்குக் குறைந்தது ஏ வகை ட்ரிப் சுவிட்சையும், 6 மில்லி அம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டு நிறுத்தும் உணர்கருவியையும் சேர்த்துக் கேட்கின்றன. அல்லது பி வகை ட்ரிப் சுவிட்ச் வேண்டும். நல்ல சுவர்ப் பெட்டிகளில் இந்த 6 மில்லி அம்பியர் உணர்கருவி உள்ளேயே இருக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. காரின் வழியை வீட்டின் பொது ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் இணைக்காமல், மெயின் சுவிட்சிலிருந்து தனிப் பெட்டிக்குப் பிரித்து எடுப்பதும் இதனால்தான். காரில் கோளாறு வந்தால் கார் மட்டும் நிற்கும். வீட்டின் காவல் குலையாது.

உப்புக் காற்று, வெள்ளம், இடி

ஊரின் கரையைத் தொடும் கொட்டியாரக் குடாவின் காற்று திருகாணியைக் கூட விட்டுவைப்பதில்லை. கடலுக்கு அருகிலுள்ள வீடுகளில் சுவர்ப் பெட்டி நீரும் தூசியும் புகாத ஐ.பி. 65 தரத்தில், பிளாஸ்ரிக் உடலோடு, துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளோடு இருக்க வேண்டும். கம்பி கீழிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் மழைநீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். ஆண்டுக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி இணைப்புத் திருகுகளை இறுக்குவது உள்நாட்டுக்கு நல்ல பழக்கம். கரையோரத்துக்கு அது கட்டாயம்.

மகாவலி கடலில் கலக்கும் தாழ்நிலம் இது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மகாவலி பெருகியபோது நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத் திருகோணமலை மாவட்டம் மீண்டும் கண்டது. பெட்டியை வீட்டார் நினைவில் உள்ள மிக உயர்ந்த வெள்ளக் கோட்டுக்கு மேல் வைக்க வேண்டும். வெள்ளம் புகுந்த பெட்டியைத் துடைத்துக் காயவைத்து மீண்டும் போடக் கூடாது. அதைச் சோதித்து மாற்ற வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடிமின்னலுக்கு டி.பி. பெட்டியில் மின்னெழுச்சிக் காப்பு ஒன்று பொருத்துவது காரின் விலையோடு ஒப்பிட்டால் அற்பச் செலவு.

புதிய கார்கள் சிலவற்றிலிருந்து மின்சாரம் எடுத்து வெளிச் சாதனங்களை இயக்கலாம். புயல் இரவில் ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் அது பேருதவி. சாதனத்தைக் காரோடு நேரடியாக இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் முள் வைத்த கம்பியால் வீட்டுப் பொயின்டுக்குள் அந்த மின்சாரத்தைச் செலுத்தினால், அது மீற்றர் வழியாக வீதிக்குப் போய், அறுந்த கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறியவரைக் கொல்லும்.

இரவுக் கட்டணமும் நண்பகல் சூரியனும்

மாதம் 25 நாள் ஓட்டத்துக்குக் கார் ஏறத்தாழ 170 யூனிட் எடுக்கும். மாதம் 100 யூனிட் பாவித்த வீடு 270க்குப் போகிறது. வீட்டுக் கட்டணத்தின் படிகளில் 180க்கு மேற்பட்டது மிக விலை கூடியது. காரின் பெரும்பங்கு அந்தப் படியில்தான் விழும். நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையில் நாள் மூன்றாகப் பிரிகிறது. மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம், அதிகாலை 5.30 வரை மலிவான நேரம், மீதி பகல். இந்த முறைக்குத் தன் இணைப்பு தகுதியுடையதா என்பதையும் அன்றைய விலையையும் இணைப்பை மாற்ற விண்ணப்பிக்கும் நாளிலேயே மின் அலுவலகத்தில் கேட்டு, இரண்டு முறையிலும் மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கூரையில் சூரியப் பலகை உள்ள வீட்டுக்குக் கணக்கு தலைகீழ். 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்திருந்தபோது, பகலில் சூரியப் பலகைகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கூரை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நாட்டில் நண்பகல் மின்சாரம் மிஞ்சத் தொடங்கிவிட்டது. அதே மாதம் கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூரில், கைவிடப்பட்ட நிலக்கரி மின் திட்டத்தின் இடத்துக்கு 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பகலில் வீட்டில் நிற்கும் காருக்கு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னும் பின்னும் நிழலில் நிற்கும் காருக்கு, அந்த வெயில் நேரமே ஏற்றது.

பூச்சுக்கு முன் ஒரு குழாய்

கிண்ணியாவில் எப்போதும் எங்கேயாவது ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கார் வாங்கும் எண்ணம் இன்று இல்லாத வீட்டிலும், சுவர் பூசுவதற்கு முன் டி.பி. பெட்டியிலிருந்து போர்டிகோ வரை 32 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் ஒன்றைப் பதித்து, உள்ளே இழுகயிறு விட்டு, டி.பி. பெட்டியில் சில இடங்களைக் காலியாக விட்டால் போதும். ஐந்து ஆண்டு கழித்துப் பளிங்குத் தரையையும் பூசிய சுவரையும் உடைக்கும் வேலை இருக்காது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர், வீடு கட்டும் மேசனாரிடம் சொல்ல வேண்டிய ஒற்றை வசனம் இது.

மின்பணியாளரிடம் கேட்க வேண்டியவை

• மின் இணைப்பு 15 அம்பியரா, 30 அம்பியரா? ஒற்றைக்கட்டமா, மூன்றுகட்டமா?

• எர்த்தின் தடையைக் கருவியால் அளந்து, எண்ணையும் திகதியையும் எழுதித் தருவீர்களா?

• வீட்டு ட்ரிப் சுவிட்சைச் சோதனைப் பொத்தானால் மட்டுமன்றி, கருவியாலும் சோதித்தீர்களா?

• காரின் கம்பி டி.பி. பெட்டியிலிருந்து ஒரே துண்டாக வருகிறதா? இடையில் இணைப்பு உண்டா?

• சுவர்ப் பெட்டியில் 6 மில்லி அம்பியர் நேர்மின்னோட்ட உணர்கருவி இருப்பதற்கு ஆவணம் உண்டா?

• பெட்டியின் உச்ச அம்பியரைக் குறைத்துப் பூட்டி வைத்தீர்களா?

• உங்களிடம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டா?

ஒரு தெரு, ஒரு மின்மாற்றி

தனி வீட்டின் கணக்கு முடிந்த இடத்தில் தெருவின் கணக்கு தொடங்குகிறது. 33,000 வோல்றை வீட்டு அளவுக்கு இறக்கும் மின்மாற்றிகளில் 100 கே.வி.ஏ. அளவானவை பரவலானவை. ஒரு மின்மாற்றியின் கீழ் பல பத்து வீடுகள் இருக்கும். அவற்றில் பத்து வீடுகள் 7.4 கிலோவாற் பெட்டிகளை இரவு 10.30க்கு ஒரே கணத்தில் தொடங்கினால் 74 கிலோவாற் கார்களுக்கு மட்டும் போய்விடும். அதே பத்து வீடுகள் 10 அம்பியரில் சார்ஜ் செய்தால் 23 கிலோவாற். தெருவின் விளக்குகள் மங்காது, மின்மாற்றியை மாற்றும் வரை யாரும் காத்திருக்கவும் வேண்டாம். பிரித்தானியா 2022 ஜூனிலிருந்து, வீட்டுச் சார்ஜர்கள் உச்ச நேரத்தைத் தவிர்க்கும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லாம் ஒரே நொடியில் தொடங்காமல் சில நிமிட இடைவெளியில் சிதறித் தொடங்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது.

இலங்கையில் மின்கார் விற்பவர்கள் காரோடு கேபிளையும் உத்தரவாதப் புத்தகத்தையும் கொடுக்கிறார்கள். அவற்றோடு, தகுதியுள்ள மின்பணியாளர் ஒருவர் வாங்குபவரின் வீட்டுக்கு வந்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் அளந்து எழுதித் தரும் சோதனையையும் விலையிலேயே சேர்க்க வேண்டும். மின் விநியோக அலுவலகம் எந்த மின்மாற்றியின் கீழ் எத்தனை கார்கள் என்று ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். கிண்ணியா நகரசபை கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, அந்த 32 மில்லிமீற்றர் குழாயையும் வரைபடத்தில் கேட்கலாம். இந்த மூன்றுக்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. ஊரில் மின்கார்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போதே இவற்றைத் தொடங்கிவிட வேண்டும்.